சோறிட்ட கையும் கதை சொல்லும் வாயும்

மனிதன் மொழி கற்ற நாள்தொட்டே கதை சொல்லி வருகிறான். வேலை முடிந்து களத்து மேட்டில் அமர்ந்த பாட்டனுக்கும், பேரனை மடியிலிருத்திய பாட்டிக்கும் கதை சொல்ல முதலீடு எதுவும் தேவைப்படவில்லை. நாவும் நினைவும் போதுமாயிருந்தன. எழுத்தில் கதை சொல்ல வந்தவனுக்கு ஓலையும் எழுத்தாணியும், பின்னர்த் தாளும் மையும் வேண்டியிருந்தன. ஆயினும் அவன் வறுமையிலிருந்தபடியே தன் பணியை முடித்துக்கொள்ள இயன்றது. காட்சியில் கதை சொல்ல முற்படுவோன் நிலை வேறு. அவனுக்கு ஒளிப்பதிவுக் கருவி வேண்டும், ஒலிப்பதிவு வேண்டும், நடிகரும் தொழிலாளரும் வேண்டும், அவர்கள் அனைவர்க்கும் வேளைக்குச் சோறு வேண்டும். எல்லாம் முடிந்தபின் அதனைக் காட்ட ஒரு திரையும் வேண்டும்.

எனவே காட்சிக் கதைஞன் எவனாயினும் ஒரு கையை எதிர்நோக்கியே நிற்கிறான். அக்கை ஒருகால் முதலாளியுடையதாக இருந்தது. ஒருகால் அரசுடையதாக இருந்தது. இன்று அது பெரும்பாலும் இரண்டு இடங்களிலிருந்து நீள்கிறது. ஒன்று, தம் பொருளின் பெயரை மக்கள் மனத்தில் நாட்ட விரும்பும் வணிக நிறுவனங்கள். மற்றொன்று, ஓ.டி.டி. என்று நாம் வழங்கும் இணையவழித் திரைத்தளங்கள். தனித்தன்மை வாய்ந்த கதைகளைச் சொல்ல விழையும் இளைஞர் பலர்க்கு இவ்விரு கைகளுமே சோறிடுகின்றன. சோறிட்ட கைக்குக் கதை சொல்லும் வாய் எவ்வளவு கடன்பட்டது? இவ்வறவினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

புலவரும் புரவலரும்

இவ்வினா தமிழர்க்குப் புதிதன்று. நம் இலக்கிய வரலாற்றின் பெரும்பகுதி புலவரும் புரவலரும் சேர்ந்து சமைத்த வரலாறே ஆகும். திருவெண்ணெய்நல்லூர்ச் சடையப்ப வள்ளலின் ஆதரவு பெற்ற கம்பர், நன்றி மறவாது அவர் பெருமையைத் தம் காவியத்தின் சில இடங்களில் வைத்துப் போற்றினார். இராமன் முடிசூடும் உச்சக் கட்டத்திலேயே, வெண்ணெய்நல்லூர்த் தலைவனின் முன்னோர் மகுடத்தை எடுத்துக் கொடுத்ததாகப் பாடியுள்ளார். நூறு பாட்டிற்கு ஒருமுறை வள்ளலைப் பாடியிருந்ததாகவும், அரங்கேற்றத்தில் அவையோர் மறுத்துரைக்க ஆயிரத்திற்கு ஒருமுறையாகக் குறைத்துக்கொண்டதாகவும் செவிவழிச் செய்தி ஒன்றுண்டு. இன்றைய கண்கொண்டு நோக்குவோர் இதனைக் காவியத்திற்குள் புகுந்த விளம்பரம் என்றே கூறிவிடலாம். ஆயினும் சடையப்பர் பெயர் வரவேண்டுமென்பதற்காக இராமன் ஓரடியும் வழிமாறி நடக்கவில்லை. கைகேயி வரம் கேளாமல் இருந்துவிடவுமில்லை. நன்றி காவியத்தின் விளிம்பில் பொன்னிழையாக ஓடிற்றேயன்றிக் கதையின் போக்கைத் தொடவில்லை.

மற்றொரு சான்று புறநானூற்றில் உள்ளது. பெருஞ்சித்திரனார் என்னும் புலவர் மலைபல கடந்து அதியமான் நெடுமான் அஞ்சியைக் காணச் சென்றார். அவனோ அவரை நேரிற் காணாமலே பரிசிலை அனுப்பிவைத்தான். வறுமையில் உழன்ற அப்புலவர் அதனை ஏற்க மறுத்துவிட்டார். தாம் வாணிகம் செய்ய வந்தவர் அல்லர் என்பதும், புலமையின் அளவறிந்து அன்போடு தருவது மிகச் சிறிதாயினும் இனிது என்பதும் அவர் உரைத்த கருத்து. பொருளின் மிகுதி அவரை மயக்கவில்லை. தம்மைக் காணாது தந்த பொருள் தம் கலையை மதித்துத் தந்ததாகாது என்று அவர் கருதினார்.

ஆக, நம் முன்னோரிடமிருந்தே இரண்டு அளவுகோல்கள் கிடைத்துவிட்டன. கொடை கதையின் போக்கைத் தொட்டதா என்பது ஒன்று. கொடுத்தவன் கலையைக் கண்டு கொடுத்தானா என்பது மற்றொன்று. இவற்றைக் கையிலேந்திக்கொண்டு திரைப்பட வரலாற்றிற்குச் செல்வோம்.

பெயர் மறைந்த கொடை

வணிக நிறுவனம் காட்சிக்கதைக்குப் பொருளுதவுவது அண்மைக்கால வழக்கமென்று பலர் எண்ணுகின்றனர். ஆவணப்படங்களின் முன்னோடி எனப் போற்றப்பெறும் ராபர்ட் ஃபிளாஹர்டியின் ‘நானூக் ஆஃப் தி நார்த்’ 1922-ஆம் ஆண்டு வெளிவந்தது. அதற்குப் பொருளுதவியது ரெவியோன் ஃப்ரேர் என்னும் பிரெஞ்சு உரோமத்தோல் வணிக நிறுவனம். வடகனடாவின் பனிநிலத்து இனூயிட் மக்களின் வாழ்வை உலகம் கண்டு வியக்கச் செய்த படம் அது. எனினும் துப்பாக்கி கொண்டு வேட்டையாடப் பழகியிருந்த அம்மக்களைப் பழைய எறியீட்டி கொண்டு வேட்டையாடுமாறு செய்து படமெடுத்தார் ஃபிளாஹர்டி. இப்புனைவு வணிகர் கேட்டு நேர்ந்ததன்று. பழமையின் அழகில் மயங்கிய கலைஞர் தாமே செய்துகொண்டது. பொய் எப்பொழுதும் பணத்தின் வாயிலாகவே நுழையும் என்பதில்லை என்பதற்கு இது சான்று.

அவரே 1948-இல் எடுத்த ‘லூயிசியானா ஸ்டோரி’ இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. அதற்கு முழுச் செலவையும் ஏற்றது நியூ ஜெர்சி ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனம். படத்தில் தன் பெயரே வேண்டாமென்று அந்நிறுவனம் விலகி நின்றது. சதுப்புநிலத்துச் சிறுவன் ஒருவனும் அவன் வளர்க்கும் சிறு விலங்கும், அமைதியான நீர்வழியில் வந்து சேரும் எண்ணெய்த் துரப்பண மேடையும் அப்படத்தின் பொருள். மேடை வருகிறது, எண்ணெய் எடுக்கப்படுகிறது, பின் நீரும் காடும் முன்போலவே தூய்மையாக இருக்க, மேடை விடைபெற்றுச் செல்கிறது. படம் பேரழகு வாய்ந்தது. அதன் இசைக்காக வர்ஜில் தாம்சன் 1949-இல் புலிட்சர் பரிசு பெற்றார். ஆனால் எண்ணெய்ப் பணிகளுக்காக வெட்டப்பட்ட கால்வாய்கள் லூயிசியானாவின் ஈரநிலங்கள் அழிய ஒரு காரணமாயின என்பது பிற்காலத்தில் வெளிப்பட்ட உண்மை.

ஈண்டு மூன்றாவது அளவுகோல் ஒன்று பிறக்கிறது. பெயரை முழங்கிக்கொள்ளும் புரவலனைவிடப் பெயரை மறைத்துக்கொள்ளும் புரவலனிடம் நாம் கூடுதல் விழிப்பாயிருத்தல் வேண்டும். சடையப்பர் பெயர் வெளிப்படையாக நின்றமையால் கேட்போர் அதனை நன்றி என்று அறிந்துகொண்டனர். பெயரின்றி வந்த எண்ணெய் நிறுவனத்தின் கருத்தோ இயற்கையின் குரலாகவே ஒலித்துவிட்டது. கொடுத்தவன் யார் என்பது காண்போர்க்குத் தெரிதல் வேண்டும்.

பாதையும் பாலும்

நம் நாட்டிற்கு வருவோம். சத்யஜித் ராய் ‘பாதேர் பாஞ்சாலி’யைத் தொடங்கியபோது ஒரு விளம்பர நிறுவனத்தில் ஓவியராகப் பணியாற்றிக்கொண்டிருந்தார். காப்பீட்டுப் பத்திரமும் துணைவியாரின் நகைகளும் அடகு சென்றபின்னும் பணம் போதவில்லை. முடிவில் முதலமைச்சர் டாக்டர் பிதான் சந்திர ராய் காலத்து மேற்கு வங்க அரசு உதவிற்று. அலுவலகத்தில் செலவுத் தலைப்புகளோடு காலங்கழிக்கும் என் போன்றோர்க்கு அடுத்த செய்தி தனிச்சுவை தருவது. திரைப்படத்திற்கெனத் தலைப்பு இல்லை. படத்தின் பெயரிலோ பாதை இருந்தது. ஆகவே சாலை மேம்பாடு என்னும் பெயரில் தொகை வழங்கப்பட்டது! படத்தின் சோகமான முடிவை மாற்றலாகாதா என்ற யோசனையும் எழுந்ததென்பர். ராய் அதற்கு இணங்கவில்லை. 1955-இல் வெளிவந்த அப்படம் 1956-இல் கான் விழாவில் சிறந்த மனித ஆவணம் என்ற பரிசைப் பெற்றது. கொடுத்தவர் கலையைச் சரிவரக் கண்டனரா என்பது ஐயமே. ஆனால் கொடுத்தபின் கதையைத் தொடவில்லை. சாலைக் கணக்கில் சென்ற அத்தொகை இந்தியத் திரைப்படத்திற்கே ஒரு சாலை போட்டுத் தந்தது.

இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு 1976-இல் வெளிவந்த ‘மந்தன்’. ஷியாம் பெனகல் இயக்கிய இப்படத்திற்குக் குஜராத்தின் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் அளித்தனர். 10 லட்சம் ரூபாய் திரண்டது. அமுல் என்னும் வணிகப் பெயரைத் தாங்கிய கூட்டமைப்பின் மக்கள் அவர்கள். எனவே ஒருவகையில் இது வணிகப் பெயரொன்றின் ஆதரவில் எழுந்த படமே. விளம்பரமாகவே எடுத்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? பால் பெருகும், ஊர் சிரிக்கும், மருத்துவர் மாலையோடு விடைபெறுவார். படத்திலோ கூட்டுறவுத் தேர்தலில் ஊர்த்தலைவர் தோற்கிறார். ஒடுக்கப்பட்டோர் குடிசைகள் எரிகின்றன. கூட்டுறவை அமைக்க வந்த கால்நடை மருத்துவர் இடமாற்றம் பெற்று மனமுடைந்து ஊரைவிட்டுச் செல்கிறார். பணி மட்டும் அவ்வூர் இளைஞன் ஒருவன் கையில் தொடர்கிறது. கூட்டுறவின் பெருமையைக் கூறவந்த படம் அதன் காயங்களையும் மறைக்காமற் காட்டிற்று. பணம் தந்த உழவர்களே லாரிகளில் வந்திறங்கித் தம் படத்தைக் கண்டனர். அரை நூற்றாண்டை நெருங்கும் வேளையில், 2024-இல், புதுப்பிக்கப்பெற்ற அதன் படி கான் விழாவில் திரையிடப்பட்டது. அப்படத்தின் பாடலைப் பின்னாளில் அமுல் தன் விளம்பரத்திற்கும் பயன்படுத்திக்கொண்டது. அதில் இழுக்கில்லை. கதை உண்மையாக இருந்தமையால் விளம்பரத்திற்கும் அது பெருமை சேர்த்தது. விளம்பரத்திற்காகக் கதை வளைந்திருந்தால் இன்று இரண்டையும் நினைப்பார் இலர்.

பொருளே பாத்திரமாகும்போது

தொலைக்காட்சி வந்தபின் வணிகப் பெயர் கதையின் வாசலில் நிரந்தரமாக நின்றுகொண்டது. 1984-இல் தூர்தர்ஷனில் தொடங்கிய ‘ஹம் லோக்’ தொடர் இந்திய நடுத்தரக் குடும்பங்களின் இன்பதுன்பங்களைக் காட்டிற்று. மேகி நூடுல்ஸ் அதன் விளம்பரதாரராக வீடுகளுக்குள் நுழைந்தது. அக்காலத்தில் நிகழ்ச்சிக்கும் விளம்பரத்திற்கும் இடையே ஒரு கோடு இருந்தது. அக்கோடு இன்று மங்கிவருகிறது. 2001-இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் ஆங் லீ, வோங் கார்-வாய் போன்ற பேரியக்குநர்களைக் கொண்டு இணையத்திற்கெனக் குறும்படங்கள் எடுத்தது. ஒவ்வொன்றும் தனித்தனிக் கதை; ஆனால் கதாநாயகன் ஓட்டுவது எப்பொழுதும் அந்நிறுவனத்தின் கார். 2016-இல் வந்த ‘டிரிப்ளிங்’ என்னும் இந்தி இணையத்தொடரில் உடன்பிறந்தார் மூவர் டாட்டா டியாகோ காரில் ஊர் ஊராகப் பயணம் செய்தனர். கார் அங்கே வாகனமாகவும் இருந்தது. நான்காவது உடன்பிறப்பாகவும் இருந்தது. 2023-இல் சேன் லோரான் என்னும் ஆடை நிறுவனம் தனக்கெனத் திரைப்படத் தயாரிப்புப் பிரிவே தொடங்கி அல்மோதோவாரின் குறும்படத்தைத் தயாரித்தது.

இவற்றையெல்லாம் ஒரே சொல்லால் பழித்தல் முறையன்று. திரையரங்கிற்குப் போக வழியற்ற குறும்படக் கலைக்கு இத்தகைய உதவியே உயிர்நீராக உள்ளது. சுஜாய் கோஷ் 2015-இல் இயக்கிய ‘அகல்யா’ என்னும் குறும்படம் பழைய புராணக் கதையைப் புதுக்கண்ணோடு திருப்பிச் சொன்ன சிறந்த முயற்சி. அது ராயல் ஸ்டாக் என்னும் மதுவின் பெயர் தாங்கிய குறும்படத் தளத்தின் வழியே வெளிவந்தது. தொலைக்காட்சியில் மதுவிற்கு விளம்பரம் செய்ய நம் நாட்டில் தடையுண்டு. நேர்வழி அடைபட்டபோது அப்பெயர் கலையின் கைபிடித்துக்கொண்டு பக்கவழியால் வீட்டிற்குள் வருகிறது. படத்தின் கதையில் ஒரு சொல்லும் வளையவில்லை. ஆயினும் கலையின் மதிப்பு வேறொன்றன் மதிப்பிற்குப் பிணையாக வைக்கப்படுகிறது. கதையைத் தொடாத கொடையும் கதைஞனின் நற்பெயரைத் தொடக்கூடும் என்பதைக் கலைஞர் சிந்தித்தல் நன்று.

காணாது தரும் புரவலர்

இனி இணையவழித் திரைத்தளங்கள். இவை செய்த நன்மையை முதலில் மனமார ஒப்புக்கொள்ளல் வேண்டும். வேற்றுமொழிப் படமென்றும் கறுப்பு வெள்ளைப் படமென்றும் திரையரங்கு உரிமையாளர் தயங்கக்கூடிய அல்ஃபோன்சோ குவாரோனின் ‘ரோமா’வை 2018-இல் நெட்ஃபிளிக்ஸ் உலகெங்கும் கொண்டு சேர்த்தது. இந்துஸ்தானி இசையில் முழுமை காண முயன்று தோற்கும் ஒருவனின் கதையாகிய சைதன்ய தம்ஹானேயின் மராத்திப் படம் ‘தி டிசைப்பிள்’ 2021-இல் அத்தளத்தின் வழியே பல நாட்டாரை அடைந்தது. தில்லியில் அடிபட்டு விழும் பருந்துகளைக் காப்பாற்றும் உடன்பிறந்தாரைப் பற்றி ஷௌனக் சென் எடுத்த ‘ஆல் தட் ப்ரீத்ஸ்’ 2022-இல் கானில் ஆவணப்படப் பரிசு பெற்றது, எச்.பி.ஓ. அதன் உரிமையை வாங்கி உலகிற்குக் காட்டியது. முதுமலைத் தெப்பக்காட்டு யானை முகாமில் கார்த்திகி கொன்சால்வஸ் எடுத்த ‘தி எலிஃபெண்ட் விஸ்பரர்ஸ்’ 2023-இல் ஆஸ்கார் விருது பெற்றது. காட்டில் வாழும் பொம்மன், பெள்ளி இணையரின் தமிழ்ப் பேச்சை உலகம் கேட்டது. இத்தளங்கள் இல்லையேல் இவற்றுள் பலவற்றை நம்மிற் பெரும்பாலோர் பெயரளவிலேயே அறிந்திருப்போம்.

ஆயினும் பெருஞ்சித்திரனாரின் மனக்குறை இங்கேதான் மீண்டும் தலைதூக்குகிறது. இப்புரவலர் எண்ணிப் பார்ப்பது எத்தனை பேர், எத்தனை நிமிடம், எவ்விடத்தில் பார்ப்பதை நிறுத்தினர் என்னும் கணக்கை. கணக்கு கலையின் ஓர் அளவேயன்றிக் கலையைக் கண்டதாகாது. அக்கணக்கும் நெடுங்காலம் கலைஞர்க்குச் சொல்லப்படவில்லை. தன் படத்தை எத்தனை பேர் கண்டனர் என்பதையே அறியாத படைப்பாளி, திரைக்குப் பின்னாலிருந்து பாடிவிட்டு அவை இருந்ததா இல்லையா என்று அறியாமல் வீடு திரும்பும் பாணனை ஒத்தவன். 2023-இல் அமெரிக்கத் திரை எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது இத்தளங்களின் வருவாய்ப் பங்கும் பார்வைக் கணக்கும் அவர்தம் கோரிக்கைகளில் இடம்பெற்றன. அவ்வாண்டு டிசம்பரில்தான் நெட்ஃபிளிக்ஸ் 18,000-க்கும் மேற்பட்ட தலைப்புகளின் பார்வை நேரத்தை முதன்முறையாக விரிவாக வெளியிட்டது.

இதனினும் கடுமையானது ஒன்றுண்டு. 2022 ஆகஸ்டில் வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி நிறுவனம், எச்.பி.ஓ. மேக்ஸ் தளத்திற்கென எடுத்து ஏறக்குறைய முடிந்திருந்த ‘பேட்கேர்ள்’ படத்தை வெளியிடுவதில்லை என்று முடிவு செய்தது. 2022 நவம்பரில் தொடங்கிய ‘வில்லோ’ தொடரை டிஸ்னி தன் தளத்திலிருந்து 2023 மே மாதத்திலேயே நீக்கியது. நம் நாட்டில் திபாகர் பானர்ஜி நெட்ஃபிளிக்ஸிற்காக எடுத்து முடித்த ‘தீஸ்’ என்னும் படத்தை அந்நிறுவனம் வெளியிடவில்லை. காரணங்கள் வேறுவேறாகலாம். விளைவு ஒன்றே: சட்டப்படி பெட்டி வாங்கியவனுடையது, அதனுள் இருக்கும் கதை மூச்சுமுட்டிக் கிடக்கிறது. சடையப்பர் பொருளுதவினார், இராமகாதை ஓலைகளைத் தம் வீட்டுப் பரணில் பூட்டிவைக்கும் உரிமையை அவர் கேட்கவில்லை. கொடுத்தபின் கதையை மக்களிடமிருந்து மறைக்கும் அதிகாரத்தைப் புரவலன் வைத்துக்கொண்டானா? இதுவே நான்காவது அளவுகோல். நம் காலத்திற்குரிய அளவுகோல்.

உண்ட சோறும் உண்மையும்

‘வீடு கட்டப் பணம் தருபவன் வாயில் எத்திசையில் அமையவேண்டும் என்று சொல்லக்கூடாதா? படத்திற்குப் பணம் தருபவனுக்கு மட்டும் ஏன் அவ்வுரிமை இல்லை?’ என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. வீட்டிற்குப் பணம் தந்தவனே அதில் குடியிருக்கிறான்; வாயில் தவறினால் துன்புறுபவனும் அவனே. கதையிலோ பணம் தந்தவன் ஒருவன், குடியேறுபவர் வேறொருவர். காண்போர் தம் கண்ணீரையும் சிரிப்பையும் நம்பிக்கையையும் அதில் கொண்டுவந்து வைக்கின்றனர். ஆகையால் கதைஞன் இரண்டு பேரிடம் கடன்பட்டவன். புரவலனிடம் பட்ட கடன் பொருட்கடன். காண்போரிடம் பட்டது உண்மைக்கடன். ஒன்றன் பணத்தைக் கொண்டு மற்றதைத் தீர்க்க இயலாது.

‘அவ்வாறாயின் எவரிடமும் கைநீட்டாதிருப்பதே தூய்மையன்றோ?’ என்று வேறு சிலர் கேட்கலாம். இத்தூய்மை கேட்க இனிது. அதன் விளைவோ கொடிது. கைநீட்டாமல் படமெடுக்க வல்லவர் முன்பே கைநிறைய வைத்திருப்பவர் மட்டுமே. உதவி பெறுவதை இழிவாக்கினால் ஏழையின் கதையையும் செல்வனே சொல்ல நேரும். ஆதலின் உதவி பெறுக. பெற்றதை ஒளியாது சொல்லுக. கதையை மட்டும் விலைபேசாதிருக்க.

செஞ்சோற்றுக் கடன் என்னும் சொல்லை உச்சரித்தவுடன் கும்பகருணன் நம் நினைவிற்கு வருகிறான். தமையன் இட்ட சோற்றிற்காகப் போர்க்களம் சென்று மாண்டவன் என்று அவனைப் புகழ்கிறோம். ஆனால் களம் புகுமுன் அவன் செய்த செயலை நாம் பெரிதும் பேசுவதில்லை. தமையன் செய்தது தவறென்று அவன் முகத்திற்கு நேரே எடுத்துரைத்தான்; சீதையை விடுக என்றான். உண்ட சோற்றிற்கு உயிரைக் கொடுத்த அவன், அதற்காக உண்மையைக் கொடுத்துவிடவில்லை. கலைஞன் தன் உழைப்பையும் திறமையையும் உறக்கமற்ற இரவுகளையும் புரவலனுக்கு வழங்கலாம். கண்டதைக் கண்டபடி சொல்லும் நாவை வழங்குதல் தகாது. அது அவனுக்கே உரிமையானதன்று. கேட்போர் அவனிடம் வைத்த அடைக்கலப் பொருள்.

நாமும் புரவலரே

இத்துணையும் புரவலர்க்கும் கலைஞர்க்குமே உரியன என்று நாம் ஒதுங்கிவிடலாகாது. இம்மலரையே எடுத்துக்கொள்வோம். கட்டுரைகளுக்கு இடையே வங்கிகளும் இனிப்பகங்களும் அச்சகங்களும் ‘நல்வாழ்த்துகளுடன்’ வழங்கிய பக்கங்கள் உள்ளன. அப்பக்கங்களே இம்மலரின் தாளுக்கும் மைக்கும் விலை கொடுத்தன. அவர்தம் பெயர் வெளிப்படையாக நிற்கிறது; எந்தக் கட்டுரையாளரையும் எங்கள் இனிப்பைப் பாராட்டி எழுதுக என்று அவர்கள் கேட்டதில்லை. வெளியூரில் தமிழ் வளர்க்கும் நம் சங்கங்கள் பலவும் இந்நாகரிகத்தின் மேல்தான் நிற்கின்றன. சிறு அளவில் இயல்வது பேரளவில் இயலாதென்பதற்குக் காரணமில்லை.

எஞ்சியிருப்பது அந்த இரண்டு ரூபாய். தனித்து நின்று உண்மை பேசும் ஒரு சிறு படம் வரும்போது அதனைக் கட்டணம் கொடுத்துக் காண்கிறோமா? பாதியில் நிறுத்தாமல் பொறுமையோடு கண்டு முடிக்கிறோமா? கண்டபின் நண்பர் நால்வர்க்குச் சொல்கிறோமா? கணக்கையே கண்ணாகக் கொண்ட புரவலனிடம் நம் ஒவ்வொரு நிமிடமும் வாக்குச்சீட்டாக எண்ணப்படுகிறது. நாம் வெறுங்கூச்சலுக்கு வாக்களித்துவிட்டு, நல்ல கதைக்குப் புரவலர் இல்லையென்று வருந்துதல் அறமாகாது.

குஜராத்தின் உழவர் பாலை விற்று வந்த காசில் இரண்டு ரூபாயை எடுத்துவைத்தனர். தம் ஊரின் பெருமையோடு அதன் சிறுமையையும் சேர்த்துக் காட்டிய கதையை அவர்கள் வெறுக்கவில்லை. குடும்பத்தோடு சென்று கண்டனர். கொடுத்த பின்னும் உண்மையைக் கேட்கும் நெஞ்சுரம் வாய்த்த புரவலர் அவர்கள். அந்நெஞ்சுரம் நமக்கும் வாய்க்குமாயின், சோறிட்ட கையை நன்றியோடு வணங்கிக்கொண்டே கதை சொல்லும் வாய் தடையின்றிப் பேசும்.